மலட்டாற்றங்கரையிலிருந்து செந்தோசாவுக்கு

டிசம்பர் 8, 2024, ஞாயிறு. மீனம்பாக்கம்

நான் புறப்பட்டிருக்க வேண்டிய நாள் நவம்பர் 30. நம் குகேஷும் சீனாவைச் சேர்ந்த நடப்புச் சாம்பியன் டிங் லிரெனும் மோதும் உலகச் சதுரங்கப் பட்டப்போட்டியின் ஆறாவது ஆட்டத்திலிருந்து ஒன்பதாவது ஆட்டம் வரை சிங்கப்பூரில் நேரில் இருந்து பார்ப்பதற்காக, ஓய்வூதியத்தில் ஓராண்டு காலம் சேர்த்த பணத்தில் விமானச் சீட்டும் அரங்க நுழைவுச் சீட்டும் வாங்கி வைத்திருந்தேன். அன்று நண்பகலில் ஃபெங்கல் புயலுக்காகச் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று பெய்ததில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடுத்த இரவு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருகி மலட்டாற்றில் பாய்ந்து, அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல் ஆறாக ஓடியது. அந்தச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையின் முடிவில்தான் எங்கள் வீடு இருக்கிறது. நானும் அண்ணன் குடும்பமும் சேர்ந்து வாழ்வது அங்கேதான்.

வெள்ளம் வடிய மூன்று நாட்கள் ஆயின. கூடத்துச் சுவரில் என் மார்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு ஒன்று நிற்கிறது. நெல் மூட்டைகளும் அண்ணியின் தையல் இயந்திரமும் போயின. சனிக்கிழமை தோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருவதற்காக நான் வைத்திருந்த இரும்புப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. ரெக்சின் பலகைகள் ஒன்பதையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துத் துணிக்கொடியில் காயப்போட்டோம். காய்களில் பாதிக்கு மேல் காணவில்லை. ஒரு கறுப்பு யானையைத் தென்னை மரத்தின் அடியிலிருந்து எங்கள் பையன் ஒருவன் தோண்டி எடுத்துவந்தான்.

பயணத்தைக் கைவிட்டு அந்தப் பணத்தை வீட்டுக்குச் செலவழிப்பதே முறை என்று எண்ணினேன். விமான நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். தமிழுக்கு எந்த எண்ணையும் அழுத்த முடியாத அந்த இணைப்பில் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரே இசையைக் கேட்டேன். பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒருவரும், தேதியை மாற்றிக்கொள்ள மட்டுமே முடியும் என்று இன்னொருவரும், விண்ணப்பம் பதிவாகவே இல்லை என்று மூன்றாமவரும் சொன்னார்கள். புயலுக்கு யாரும் பொறுப்பல்ல என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இடுப்பளவுச் சேற்றில் நின்றுகொண்டு பேசும் ஒருவனிடம், ஆறு இலக்கப் பதிவு எண்ணை ஒரே நாளில் நான்கு முறை சொல்ல வைப்பதற்குப் புயல் காரணமல்ல. கடைசியில் தேதி மாற்றம் மட்டுமே வாய்த்தது. "காசு எப்படியும் திரும்ப வரப்போறதில்ல, நீ போய்ட்டு வாடா. அங்க பையனையும் ஒருதரம் பாத்துட்டு வா" என்றார் அண்ணன். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டுமானப் பணித்தளம் ஒன்றில் மேற்பார்வையாளனாக இருக்கிறான்.

இன்று மாலை விமான நிலைய வரிசையில் நின்றிருந்தபோதே பதினோராவது ஆட்டத்தின் முடிவு வந்துவிட்டது. 29 நகர்த்தல்களில் குகேஷ் வென்று 6–5 என முன்னிலை பெற்றுவிட்டார். என் முன்னால் நின்ற பெண்மணி தம் கணவரிடம் "இனிமே நம்ம பையனுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள். செந்தோசா

சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. ரயிலுக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி எம்ஆர்டி நிலையத்தில் தமிழில் அறிவிப்பு வந்தபோது, சென்ற வாரம் உதவி எண்ணில் கேட்ட இசை நினைவுக்கு வந்தது. நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழை வைத்திருக்கும் நாடு அதை ரயில் மேடை வரை கொண்டுசேர்த்திருக்கிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து புறப்படும் பயணிக்கு அவன் மொழியில் பதில் சொல்ல ஏன் முடியாது என்ற கேள்வி லிட்டில் இந்தியாவில் தங்குமிடம் போய்ச் சேரும் வரை என்னை விடவில்லை.

பிற்பகலில் விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ரயிலில் செந்தோசாத் தீவுக்குள் சென்றேன். ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தின் ஈக்வேரியஸ் விடுதியில்தான் ஆட்டம் நடக்கிறது. இருட்டாக்கப்பட்ட அரங்கில் நமக்கு எதிரே, ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு மனிதர்கள். மாலை ஐந்து மணிக்கு, அதாவது நம் ஊரில் இரண்டரை மணிக்கு, கடிகாரம் ஓடத் தொடங்கியது. முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு அரை மணி நேரமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடியும் சேரும். 40ஆவது நகர்த்தலுக்கு முன்னால் இருவரும் பேசிச் சமன் செய்துகொள்ளவும் கூடாது.

முந்தைய நாள் தோற்றவர் தளர்ந்துதான் வருவார் என்று எதிர்பார்த்தேன். டிங் லிரென் வெள்ளைக் காய்களுடன் இன்று ஆடியதை நான் நேரில் பார்த்த ஆட்டங்களிலேயே ஆகச் சிறந்தது என்பேன். அவசரம் எங்கும் இல்லை. குதிரைகளை ஒவ்வொன்றாகத் தக்க இடத்தில் நிறுத்தி, குகேஷின் காய்களுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்து, 39 நகர்த்தல்களில் முடித்துவிட்டார். மீண்டும் 6–6. 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வுக்கு ஆளானதைத் தாமே வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஓராண்டுக்கும் மேலாக அவர் ஆட்டம் சரிந்து கிடந்தது. இந்தப் போட்டியில் அவர் எளிதில் நொறுங்கிவிடுவார் என்று எழுதாதவர்கள் குறைவு. அந்த மனிதர் கண்ணாடிக்குள் எழுந்து நின்று மேலங்கியைச் சரிசெய்துகொண்டபோது, குகேஷுக்காகக் கடல் கடந்து வந்த நானும் கைதட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை வியப்போடு பார்த்தார்.

டிசம்பர் 10, செவ்வாய். ஓய்வு நாள்

ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு. எனக்குச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்.

காலையில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கிவிட்டு, சைனாடவுனில் புத்தர் பல் கோயிலுக்கு அருகே உள்ள சதுக்கத்துக்குப் போனேன். அங்கே முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல் மேசைகளைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக நின்று, ஆடுபவர்களைவிடப் பார்ப்பவர்களே அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்த் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்தைச் சுற்றி நிற்பவர்களைப் பார்ப்பதுபோலவே இருந்தது. காய்கள் வட்டமான மரவில்லைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பிலோ கறுப்பிலோ ஓர் எழுத்து. அவற்றைக் கட்டங்களுக்குள் வைக்காமல் கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்கிறார்கள். பலகையின் நடுவே கோடுகளற்ற ஒரு பட்டை இடமிருந்து வலமாகச் செல்கிறது. அது என்ன என்று சைகையால் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒருவர் உள்ளங்கையை அலைபோல ஆட்டிக் காட்டி, "ரிவர்" என்றார்.

அவர் எனக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு விளக்கினார். யானை இந்த ஆற்றைக் கடக்க முடியாது. தன் கரையிலேயே நின்று காவல் காக்க வேண்டும். சிப்பாய் கடக்கலாம். கடந்தபின் பக்கவாட்டிலும் நகரும் உரிமை அதற்குக் கிடைக்கிறது. ஆனால் பின்னால் திரும்ப மட்டும் எப்போதும் வழியில்லை. அந்த முதியவரின் நகங்களில் மூட்டுவலித் தைலத்தின் மணம் வந்தது. சிப்பாயைக் குறிக்கும் வில்லையை என் கையில் கொடுத்து, ஆற்றுக்கு அப்பால் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து அண்ணன் மகன் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வந்தான். காலணியில் சிமென்ட் காய்ந்திருந்தது. பரோட்டா வரும் முன்பே, "சித்தப்பா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? அப்பா போன்ல சரியாச் சொல்ல மாட்டேங்குறாரு" என்று கேட்டான். கூடத்துச் சுவரின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சேற்றுக் கோட்டுக்கு மேலே, அவன் பத்தாம் வகுப்பில் ஒட்டிவைத்த காலண்டர் அட்டை நனையாமல் இருந்தது. அதை விரல்களால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறதே, வந்ததா என்று கேட்டான். வரும் என்றேன். திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர், அவர்களில் ஐந்து குழந்தைகள், இறந்துபோன செய்தியை அவன் இங்கே இருந்தே முழு இரவும் பார்த்துக்கொண்டிருந்தானாம். விடுப்புக் கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் விமானச் சீட்டின் விலையில் வீட்டுக்குக் கதவே போட்டுவிடலாம் என்று போகாமல் இருந்துவிட்டான்.

திரும்பும் வழியில் கார்த்திகைத் தீபத்துக்காகக் கடை வாசலில் அகல் விளக்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். தன் அம்மாவின் விளக்குகள் வெள்ளத்தில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு ஆறு அகல்கள் வாங்கிக் கொடுத்தான். அவற்றைச் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

பதின்மூன்றாவது ஆட்டம் 68 நகர்த்தல்களில் சமனில் முடிந்தது. குகேஷ் வெள்ளைக் காய்களுடன் விடாமல் நெருக்கினார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக அரங்கமே நம்பியிருந்த ஒரு வேளையில், டிங் ஒரே ஒரு யானை நகர்த்தலால் தப்பினார். 6½–6½. நாளை கடைசி ஆட்டம். அதுவும் சமனானால் நாளை மறுநாள் விரைவு ஆட்டங்கள். நான் அதற்கு முன்பே திரும்ப வேண்டும்.

ஊரில் மீண்டும் மழை எச்சரிக்கை. அண்ணன், "இப்பதான் தார்ப்பாய் கட்டுனோம்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 12, வியாழன். கண்ணாடிச் சுவரின் முன்

2013 நவம்பரில் எங்கள் பள்ளி மாணவர்கள் இருவரை விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் அழைத்துக்கொண்டு சென்னை அண்ணா சாலையில் உள்ள ஹயாத் விடுதிக்குப் போனேன். அங்கேயும் இதேபோலக் கண்ணாடி அறை. உள்ளே விஸ்வநாதன் ஆனந்தும் மேக்னஸ் கார்ல்சனும். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் தாக்குதலைக் கட்டியெழுப்பிக்கொண்டு வந்து, 28ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்1 கட்டத்தில் வைத்தார். அந்த ஒரு நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. அடுத்த நாளே பட்டமும் போயிற்று. ரயிலில் திரும்பும்போது என் மாணவன் ஒருவன் திண்டிவனம் வரை அழுதுகொண்டே வந்தான். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஏழு வயதுக் குகேஷும் இருந்திருக்கிறார். கண்ணாடிக்கு உள்ளே பார்த்து, ஒருநாள் அங்கே தாமும் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அன்று நினைத்ததாக இன்றிரவு அவரே சொன்னார்.

கடைசி ஆட்டத்தில் டிங் வெள்ளை. நெடுநேரம் பெரிய மோதல் ஏதும் இல்லை. காய்கள் ஒவ்வொன்றாக மாறிப்போய், ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி (பிஷப்). குகேஷிடம் மூன்று சிப்பாய்கள், டிங்கிடம் இரண்டு. பயிற்சியுள்ள எவரும் சமன் என்று சொல்லக்கூடிய நிலை அது. குகேஷ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வலுவாக எதுவும் செய்ய இயலாத இடத்தில் வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தார், நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தார், எதிராளியை மேலும் ஒரு முடிவு எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். அரங்கில் சிலர் மணியைப் பார்க்கத் தொடங்கினார்கள். என் பின்னால் ஒரு சிறுவன் உறங்கிவிட்டான்.

55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து எதிராளியின் யானைக்கு எதிரே நிறுத்தினார். யானைகளை மாற்றிக்கொண்டால் வேலை சுலபமாகும் என்று நினைத்திருக்க வேண்டும். அவருடைய மந்திரி பலகையின் மூலையில், ஏ8 கட்டத்தில், ஒதுங்கிக் கிடந்தது. யானைகள் வெட்டுப்பட்ட பிறகு கறுப்பு மந்திரி டி5 கட்டத்துக்கு வந்தால், வெள்ளை மந்திரிக்கு அதோடு மோதி வெட்டுப்படுவதைத் தவிர வழியில்லை. அதன்பின் அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சுவார்கள்; அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. இதை நான் உணர்வதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் அரங்கத்தில் முணுமுணுப்பு ஓடிவிட்டது. கண்ணாடிக்குள் அந்த ஒலி போகாது. குகேஷ் பலகையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கண்கள் விரிந்தன. தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு யானையை வெட்டினார்.

டிங் தாம் செய்த பிழையைக் கண்டுகொண்ட தருணத்தை நான் பார்த்தேன். தலை மெல்ல மேசையை நோக்கித் தாழ்ந்தது. எஞ்சிய மூன்று நகர்த்தல்களையும் ஆடிவிட்டு, 58ஆவது நகர்த்தலுக்குப் பின் கைகொடுத்தார். 7½–6½. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் வென்றதே இதுவரை இளம் வயது. இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குகேஷ் அழுதார். அழுதுகொண்டே ஒரு காரியம் செய்தார். கலைந்துகிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்கும் வரிசையில் பலகையில் நிறுத்தினார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விதி அதுதான்: எழுந்திருக்கும் முன் காய்களை அடுக்கிவை. எனக்குப் பார்வை மங்கிவிட்டது.

இரவு தங்குமிடத்தில் கைப்பேசியைத் திறந்தால் பாதிப் பேர் குகேஷைக் கொண்டாட, மீதிப் பேர் டிங்கைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னாள் சாம்பியன் கிராம்னிக், நாம் அறிந்த சதுரங்கம் முடிந்துவிட்டது என்ற தொனியில் எழுதியிருக்கிறார். ருஷ்யச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஃபிலாடோவ், டிங் வேண்டுமென்றே தோற்றார் என்று சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறார். இவற்றை நான் முழுமையாக மறுக்கிறேன். மூன்று வாரங்களில் 14 ஆட்டங்கள், அவற்றில் பல நான்கு ஐந்து மணி நேரம் நீண்டவை. அந்தக் களைப்பில் நிகழ்ந்த ஒரு கண நேரத் தவறு அது. ஆனந்த் குதிரையை எஃப்1 கட்டத்தில் வைத்த நாளில் அவரை யாராவது இப்படிப் பேசியிருந்தால் நாம் பொறுத்திருப்போமா? குகேஷ் தம் வாயாலேயே டிங்கை உண்மையான சாம்பியன் என்று போற்றினார். டிங், தமக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றார். ஆட்டத்தைத் தாமே ஆடிய இருவரும் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, ஆடாதவர்கள் வெற்றியின் மதிப்பைக் குறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சமன் என்று எல்லோரும் எழுதிவிட்ட நிலையில் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அந்தப் பிழை கிடைத்தது.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகைத் தீபம்

விமானம் நேரத்துக்கு வந்தது. பேருந்துதான் வரவில்லை. கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பேருந்துக்காக மழையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எந்த நடைமேடை என்று கேட்டால், கேட்ட ஒவ்வொருவரும் வேறொரு எண்ணைச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மூன்று முறை மேடை மாறிவிட்டு, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குகேஷுக்கு முதலமைச்சர் ஐந்து கோடி ரூபாய் அறிவித்த செய்தியை ஒருவர் உரக்கப் படித்தார். அந்த நனைந்த கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பிள்ளைக்குத் தகும்.

மண் இளகியிருப்பதால் இந்த ஆண்டு திருவண்ணாமலையில் பக்தர்களை மலையேற விடவில்லை. மகாதீபம் ஏற்றப்பட்டபோது பேருந்து திண்டிவனத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. அண்ணி உறங்காமல் இருந்தார். ஆறு அகல்களில் ஒன்றின் விளிம்பு மட்டும் உடைந்திருந்தது. ஆறையும் சேற்றுக் கோட்டுக்குக் கீழே வரிசையாக வைத்து, அந்த நேரத்திலும் எண்ணெய் ஊற்றி ஏற்றினார். படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார்.

டிசம்பர் 14, சனி

காலையில் ஒன்பது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். காய்ந்த பலகை ஒன்றைத் திண்ணையில் விரித்தேன். மடிப்புகளில் இன்னும் செம்மண் இருக்கிறது. கடைசி நிலையை வைத்துக் காட்டினேன்: மூலையில் வெள்ளை மந்திரி, எஃப்2 கட்டத்தில் யானை. "சார், யானைய அங்க வைக்காம இருந்திருந்தா?" என்று கேட்டான், தென்னை அடியில் தோண்டியவன். சமன் என்றேன். அவன் சற்று நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்ப குகேஷ் அண்ணன் இன்னும் ஆடிட்டுதான் இருந்திருப்பாரு" என்றான்.

வகுப்பு முடிந்ததும் காய்களை அடுக்கினார்கள். வெள்ளைக் குதிரை ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. அதன் கட்டத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டியின் மூடியை வைத்துவிட்டுப் போனார்கள்.